வெள்ளச்சி மூழ்கிய செய்தி

கடலுக்கு இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் ஒரு நாடு. இரண்டுக்கும் சண்டை மூண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மனிதர்களைப் போலவே பொருள்களும் வாய் திறந்து பேசுகிற சீமை அது. இந்தக் கரையில், கழிமுகத்தை ஒட்டி, ரொசாரி என்ற ஒருத்தி ஐஸ் கம்பெனி நடத்திவந்தாள். அவளிடம் ஒரு கைபேசி இருந்தது. அதன் பெயர் வெடிவாய்.

பெயரை ரொசாரி வைக்கவில்லை, அலைச்சபை வைத்தது. அலைச்சபை என்பது நாடு முழுவதும் உள்ள கைபேசிகளும் மடிக்கணினிகளும் கூடி வாய்ச்சண்டை போடுகிற இடம். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரே பேச்சுதான். யார் கப்பல் எத்தனை மூழ்கியது, எந்தப் படைக்கு எண்ணெய் தீர்ந்தது, எந்தத் தீவில் அரிசி இல்லை. வெடிவாய் அங்கே போய் நின்றால் போதும், எதிரே நிற்பவன் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவான். ஒரு வாதத்தில்கூடத் தோற்றதில்லை. அந்தக் கர்வம் அதற்குத் தலைக்கு மேல் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அதற்கு ஈடு கொடுத்தது ஒரே ஆள்தான், கணக்குச்சாமி. கடற்கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் உள்ளே, ஏசி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் மடிக்கணினி. கடலை அது பார்த்தது தன் திரையில் ஒட்டியிருந்த ஒரு படத்தில்தான். ஆனாலும் மூழ்கிய கப்பல்களுக்கெல்லாம் பட்டியல் போடுவது அதுதான். அந்தப் பட்டியலுக்கு எதிரி நாட்டில்கூட வாசகர்கள் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஒரு மணிக்குச் சபை கொதித்துக்கொண்டிருந்தது.

"பதினொன்று," என்றது கணக்குச்சாமி. "நம் பக்கம் மூழ்கியவை பதினொன்று. படங்களோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்."

"பார்த்தேன், பார்த்தேன்!" என்று பாய்ந்தது வெடிவாய். "ஒரே கப்பலை மூக்குப் பக்கம் எடுத்த படத்துக்கு ஒண்ணு, வால் பக்கம் எடுத்த படத்துக்கு ஒண்ணுன்னு எண்ணி வச்சிருக்க. உன்னையும் முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை பார்த்துட்டு ரெண்டு பேருன்னு சொல்லட்டுமா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வெடிவாய்க்கு அந்தச் சிரிப்புதான் சாப்பாடு.

கணக்குச்சாமி அசரவில்லை. "சிரியுங்கள். வெள்ளச்சிக்கு என்ன பதில்? தென்தீவுக்குச் சாமான் ஏற்றிப்போகிற ஒரே கப்பல். பத்து நாளாக ஒரு சத்தம் இல்லை. மூழ்கிவிட்டது. தீவில் டீசல் இல்லை, அரிசி இல்லை. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது."

வெடிவாய்க்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. ஏறாதா பின்னே? தென்தீவில் ரொசாரியின் அக்கா பிலோமி இரண்டு பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டிருந்தாள். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்று ஒன்பது நாள் ஆயிற்று. தீவின் கைபேசிகள் அத்தனையும் செத்துக் கிடந்தன. கடைசியாக வந்த சேதி, ஒரு வேளைக் கஞ்சிதான் என்பது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. வெள்ளச்சி மூழ்கவில்லை என்று வெடிவாய்க்குத் தெரியும். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், கழிமுகத்தில், மீன் வலையையும் அலையாத்தித் தழையையும் போர்த்திக்கொண்டு அவள் ஜம்மென்று நின்றிருந்தாள். வயிறு நிறைய அரிசி மூட்டை, டீசல் பீப்பாய், மருந்துப் பெட்டி, எல்லாம் பத்து நாளாக இரவில் சிறுகச் சிறுக ஏற்றிய சுமை. மருந்துக்கு ஐஸ் வைத்துவிட்டு வந்தபோது, அரை மணி நேரத்துக்கு முன்னால்தான், ரொசாரி வலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு ஆசையாக ஒரு படம் எடுத்திருந்தாள். தீவில் கரண்ட் வந்ததும் அக்காவுக்கு அனுப்பலாம் என்று.

"ஆதாரம் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆதாரம்! ஆதாரம்!" என்று சபையே கத்தியது.

"இந்தா பிடி!" என்று படத்தைத் தூக்கிச் சபை நடுவில் போட்டது வெடிவாய். "இன்னிக்கு எடுத்தது. சூடு ஆறல. வெள்ளச்சி குத்துக்கல்லாட்டம் நிக்கிறா, பார்த்துக்கோ!"

அடேயப்பா, என்ன ஆரவாரம்! விசில் பறந்தது, கைதட்டல் பறந்தது. கணக்குச்சாமி வாயடைத்துப்போயிற்று. வெடிவாய் இப்படி ஒரு வெற்றியை வாழ்நாளில் கண்டதில்லை. குதியாட்டம் போட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, இதுவரை பேசியே அறியாத ஒருவர் மெல்ல வாய் திறந்தார். முகம் இல்லை. பெயர் வழிப்போக்கன் என்று இருந்தது.

"அருமையான படம்," என்றார் வழிப்போக்கன். "வலது ஓரத்தில் பச்சையாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, அது எந்த ஊர்?"

நான் முந்தி, நீ முந்தி என்று சபை பதில் சொல்லத் தொடங்கியது. ஒருவர் வடக்கே ஓர் ஊர் பெயரைச் சொன்னார். இன்னொருவர் அது இல்லை, இது என்றார். நாலு ஊர் பெயர் வந்தது. அதில் ஒன்று சரியான பெயர்.

வெடிவாய் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ரொசாரி கடைசி ஐஸ் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் புறப்பட்டிருந்தாள். அவள் இடுப்புப் பையில் இருந்தபடியே அது கத்தியது.

"வெள்ளச்சியக்கா! வெள்ளச்சியக்கா! நல்ல சேதி! நீ செத்துப்போயிட்டன்னு ஒருத்தன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். படத்தைப் போட்டு அவன் மூஞ்சில கரியப் பூசிட்டேன்!"

வலைக்குள்ளிருந்து வெள்ளச்சி கேட்டாள், மிகவும் மெதுவாக.

"என்ன படம்டா?"

"உன் படம்தான்! இப்ப எடுத்தது!"

"அடக் கரிமுடிவானே!" என்று வெள்ளச்சி அலறிய அலறலில் மேலே கிடந்த தழை எல்லாம் உதிர்ந்தது. "நான் செத்துப் பத்து நாள் ஆகுதுடா! எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? செத்தவள எவன் தேடுவான்? அந்த மடிக்கணினிக்குத் தினம் ரெண்டு வேளை கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தேன். அவன் எழுதினதப் படிச்சுட்டுத்தான் எதிரி என் பேரை அடிச்சுப்போட்டான். இப்ப நீ வந்து என்னை உயிரோட எழுப்பி விட்டிருக்கியே, நல்லா இருப்பியா நீ!"

வழிப்போக்கன் கேட்ட கேள்வி அப்போதுதான் வெடிவாயின் மண்டையில் உறைத்தது.

கப்பலின் தலைவர் தொம்மை ஏணியில் இறங்கி ஓடிவந்தார். கப்பல் ஓட்டும் தலைவரை அந்தப் பக்கத்தில் தண்டல் என்பார்கள். ஐம்பது வயது, கட்டையான ஆள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இப்பவே எடுத்திருங்க மாமா!" என்றாள் ரொசாரி.

"எங்கிட்டு எடுக்க? முகத்துவாரத்துல மணல் திட்டு கெடக்குல்லா. சுமையோட தாண்டணும்னா ஓதம் ஏறணும். நாலு மணிக்குத்தான் தண்ணி ஏறும். அதுக்கு முன்னால நகத்தினா தட்டிக்கிட்டு நட்டநடு வாய்க்கால்ல உக்காந்திருவா. பொறவு படமே வேண்டாம், கரையில நின்னு பாத்தாலே தெரியும்."

மணி ஒன்றே முக்கால்.

ரொசாரி கைபேசியை வெளியே எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஏலே, என்ன காரியம்லே செஞ்சிருக்க? எங்க அக்கா பிள்ளையளுக்குப் போற அரிசிலே அது! மாமாவும் ஒம்போது ஆளும் இதுலதான ஏறணும்! ஒனக்கு ஒரு வாதம்தாம்லே பெரிசாப் போச்சு?"

ரொசாரி வெடிவாயைப் பிடித்து உலுக்கினாள்.

"படத்த அழிச்சிரு. இப்பவே அழி!"

"அழிச்சு என்னக்கா செய்ய?" என்றது வெடிவாய். "இந்நேரம் நாலாயிரம் பேரு எடுத்து வச்சிருப்பான். அதோட, நான் பயந்து அழிச்சேன்னு தெரிஞ்சா, அது நெசமான படம்னு அவனுக்கு உறுதியாயிரும்."

"அப்ப நான் மறுபடியும் சாகணும்," என்றாள் வெள்ளச்சி. "அதுக்கு வழி சொல்லு. வாய்தான் பெரிசா இருக்கே."

வெடிவாய் யோசித்தது. வழி அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் கொடுமை. இத்தனை நாள் சேர்த்த பெயரெல்லாம் ஒரே வரியில் போய்விடும். கணக்குச்சாமி முன்னால் மண்டியிடவேண்டும். தோற்றுக்கூடப் பழக்கமில்லை, இது தோல்வியைவிட மோசம்.

வடக்கே, வானத்தில், எங்கேயோ ஒரு ரீங்காரம் கேட்டது.

"ட்ரோன்," என்றார் தொம்மை. "வடக்க உள்ள தண்ணித் தொட்டிய எல்லாம் பாத்துக்கிட்டு வாரான்போல. அடுத்தது நம்மதான்."

அவ்வளவுதான். வெடிவாய் சபைக்குள் பாய்ந்தது.

"சபையோரே! ஒரு பேச்சு கேளுங்க. அந்தப் படம் இன்னிக்கு எடுத்தது இல்ல. போன வருசத்துப் படம். வாதத்துல ஜெயிக்கணும்னு பொய் சொன்னேன். வெள்ளச்சி மூழ்கிட்டா. நான் தோத்துட்டேன்."

சபை வெடித்தது பாருங்கள்! கைதட்டியவர்கள்தான் முதலில் காறித் துப்பினார்கள். "புளுகன்! புரட்டன்!" என்றார்கள். "எனக்கு அப்பவே தெரியும்," என்றார்கள், தெரியாதவர்கள் எல்லோரும். அலைச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. பொய் பிடிபட்டவர் தன் முகப்படத்தை எடுத்துவிட்டு, முழுப் பூசணிக்காய்ப் படத்தை நாற்பது நாள் மாட்டிக்கொள்ளவேண்டும். "பூசணிக்காய்! பூசணிக்காய்!" என்று கூச்சல் கிளம்பியது. வெடிவாய் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டது.

ஆனால் ரீங்காரம் நிற்கவில்லை. ஐஸ் கம்பெனிக் கூரைக்கு மேலே வந்துவிட்டது. தொம்மையும் ரொசாரியும் வலைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். வெள்ளச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ட்ரோன் பச்சைத் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. கழிமுகத்தின் பக்கம் திரும்பியது.

அதே நேரம் சபையில் வழிப்போக்கன் பேசினார். வானத்தில் சுற்றுகிறவரும் அவர்தான், சபையில் கேட்கிறவரும் அவர்தான்.

"தோற்றவர் சொல்வதை எப்படி நம்புவது? படம் பழையது என்பதற்கு ஆதாரம் உண்டா?"

வெடிவாய் தவித்தது. பழைய படம் என்பதற்கு ஆதாரத்துக்கு அது எங்கே போகும்? புதுப் படமாயிற்றே! ஒரு விநாடி போனது. ட்ரோன் பத்தடி தாழ்ந்தது. இன்னும் பத்தடி இறங்கினால் வலைக்குள் நிற்கும் கொடிமரம் தெரிந்துவிடும்.

அப்போது அதற்கு ஒன்று உறைத்தது. ஆதாரம் தேடிக்கொடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறாரே!

"ஐயா கணக்குச்சாமி," என்று குழைந்தது வெடிவாய். "பெரிய மனசு பண்ணுங்க. படத்தப் பார்த்ததுமே உங்களுக்குப் பழசுன்னு தெரிஞ்சிருக்குமே? உங்க கண்ணுக்கு எது தப்பும்?"

கணக்குச்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"தெரியாமல் இருக்குமா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். நிழலைப் பாருங்கள். இது தை மாதத்து நிழல். காலை ஒன்பது மணி. துல்லியமாகச் சொன்னால் தை இருபது, இருபத்தொன்று."

ஆனி மாதத்து உச்சி வெயிலில் எடுத்த படம் அது! வெடிவாய்க்கு நாக்கு துடித்தது. 'மடையா, பகல் பன்னிரண்டரை மணி நிழல்டா அது' என்று கத்தவேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டது.

"ஆகா! ஆகா!" என்றது. "இன்னும் சொல்லுங்கய்யா."

"அந்தத் தொட்டிக்குப் போன வருடமே வெள்ளையடித்துவிட்டார்கள். இப்போது பச்சையாக நிற்கிறவை எல்லாம் வேறு தொட்டிகள்."

தொட்டி கண்ணெதிரே பச்சைப் பசேலென்று நின்றது. வெடிவாய் அதைப் பார்த்துக்கொண்டே, "அய்யோ, அதையும் கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்று அழுதது.

"கடைசியாக ஒன்று," என்றது கணக்குச்சாமி, இப்போது அதை யாராலும் நிறுத்தமுடியாது. "கப்பலின் வடிவத்தைப் பாருங்கள். இது வெள்ளச்சியே இல்லை. வெள்ளச்சி இதைவிட ஒல்லி."

வலைக்குள் வெள்ளச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொம்மை அவள் விலாவில் கையை அழுத்தி, "சும்மா கெட, சும்மா கெட," என்று கெஞ்சினார்.

சபை ஒப்புக்கொண்டது. தை மாதத்து நிழல் என்று ஆயிரம் பேர் திருப்பிச் சொன்னார்கள். நிழலுக்குக் கோடு போட்டுக் காட்டினார்கள். கோணத்தை அளந்து காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் தை இருபதாம் தேதி என்பது ஊரறிந்த உண்மையாகிவிட்டது.

"விளக்கத்துக்கு நன்றி," என்றார் வழிப்போக்கன்.

ரீங்காரம் மேலே எழும்பியது. கிழக்கே திரும்பியது. மெல்ல மெல்ல, கொசுச் சத்தமாகி, அதுவும் இல்லாமல் போயிற்று. ரொசாரி வலைக்கு அடியிலிருந்து வெளியே வந்து சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாலு மணிக்கு ஓதம் ஏறியது. வலையை உருவிப்போட்டார்கள். வெள்ளச்சி மணல் திட்டின் மேல் வயிறு உரச உரசத் தாண்டினாள். தாண்டியதும், போகிற போக்கில், "ஏலே பூசணிக்கா! நான் வாரேன்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பத்து நாளுக்கு முன் மூழ்கிப்போன கப்பல், பட்டப்பகலில், யாரும் தேடாத கடலில், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று முழுதும் வெடிவாய் வசவு வாங்கியது. பழைய சிநேகிதர்கள் விலகிப்போனார்கள். முன்பு அதனிடம் உதை வாங்கியவர்கள் எல்லாம் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு இருந்தது. வெள்ளச்சி போய்ச் சேர்ந்தாளா?

கேட்கவும் வழியில்லை. தீவு இருண்டு கிடக்கிறது. வெள்ளச்சி கடலில் வாய் திறக்கமாட்டாள். ரொசாரி ஐஸ் கட்டிகளை உடைப்பாள், வந்து கைபேசியைப் பார்ப்பாள், மறுபடி போவாள். அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு சேதி வந்தது. சபையில் இல்லை, தனியாக வந்தது. ரொசாரி ஓடிவந்து எடுத்தாள்.

"ஏலே புளுகுமூட்டை!" என்று இரைந்தது சேதி. "ஒம்போது நாள் கண்ண மூடியிருந்துட்டு இப்பத்தாம்லே முழிக்கேன். சபைக்குள்ள எட்டிப்பாத்தா ஒன் மானம் கப்பலேறிக் கெடக்கு! தை மாசத்துப் படத்தப் போட்டா ஊர ஏமாத்தப் பாத்த? தூ! ஒன்னயப் பழகினவன்னு வெளிய சொல்ல வெக்கமா இருக்கு!"

பேசியது பிலோமியின் கைபேசி.

வெடிவாய் அந்த வசவை ஒரு தரம் கேட்டது. இன்னொரு தரம் கேட்டது. "அக்கா! அக்கா! திட்டுதான்க்கா! நல்லாத் திட்டுதான்!" என்று கூவியது.

ரொசாரிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கையிலிருந்த ஐஸ் உளியைத் தூக்கி எறிந்தாள். "அது பேசுதுன்னா கரண்ட் வந்துட்டுலே! கரண்ட் வந்துட்டுன்னா டீசல் போயிட்டு! டீசல் போயிட்டுன்னா..."

அதற்குள் பிலோமியின் குரலே வந்தது, பின்னால் பிள்ளைகளின் கூச்சலோடு. "ஏட்டி ரொசாரி, சோறு கொதிக்குது, பொறவு பேசுதேன். இதுக தட்ட வச்சிக்கிட்டு உயிர எடுக்குதுக."

ரொசாரி கைபேசியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரோஷம் பொங்கியது அவளுக்கு.

"லே, போதும்லே நீ பட்ட கேவலம். அதான் கப்பல் போயிச் சேந்துட்டே! சபையில போயி உள்ளதச் சொல்லு. அந்த மடிக்கணினிக்கு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த குடு. நெசமான படம்னு எல்லாவனுக்கும் தெரியட்டும்."

வெடிவாய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊறத்தானே செய்யும். தை மாதத்து நிழல், வெள்ளையடித்த தொட்டி, ஒல்லியான வெள்ளச்சி. சபையே கூரை பிய்த்துக்கொண்டு சிரிக்கும். இப்படி ஒரு வெற்றி எந்தக் கைபேசிக்கும் கிடைத்திருக்காது.

"வேண்டாங்க்கா," என்றது. "வெள்ளச்சி திரும்பி வரணும்ல?"

வெடிவாய் முதலில் பிலோமியின் கைபேசிக்குப் பதில் எழுதியது: சபைப் பக்கம் மூச்சு விடாதே, தீவில் இன்னும் கரண்ட் வரவில்லை, யார் கேட்டாலும் அதுதான் பேச்சு.

பிறகு சபைக்குப் போனது. கணக்குச்சாமி புதுப் பட்டியல் போட்டிருந்தது, வெள்ளச்சியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி. வெடிவாய் முதல் ஆளாகப் போய் நின்று, "சரியான கணக்கு, ஐயா," என்றது.